கம்பெனி வாடை

எங்கள் தெருவில் மூக்கு என்பது கண்ணாடி மாட்டிக்கொள்ள முகத்தில் இருக்கும் ஒரு மேடு. மற்றபடி அதற்கு வேலை கிடையாது. ஆம்பூரில் நாங்கள் குடியிருக்கும் பகுதிக்குப் பின்னால் வரிசையாகத் தோல் கம்பெனிகள். சுண்ணாம்பில் ஊறிய தோலின் வாடை, சாயத் தண்ணீரின் வாடை, கழிவுத் தொட்டியைத் திறந்தால் வருகிற அழுகின முட்டை வாடை என்று காற்று அடிக்கிற திசைக்குத் தகுந்தபடி ஏதாவது ஒன்று வரும். புதிதாகக் குடிவருகிறவர்கள் கொஞ்ச நாள் சரியாகச் சாப்பிட மாட்டார்கள். அப்புறம் பழகிவிடும். நானே ஷூ கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறவள். தோல்தான் எனக்குச் சோறு போடுகிறது. வாடையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாலே கேட்கிறவர்கள் பாதியில் மறித்து, "ஆமாங்க, இந்தக் கம்பெனிங்கள இழுத்து மூடணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். கம்பெனியைத் திட்டுவது சுலபம். கம்பெனி திரும்பி வந்து நம் முகத்தைப் பார்த்து எதுவும் கேட்காது. என் கோபம் கம்பெனி மேல் இல்லை. அன்றைக்கு ஒரு சுவர் நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். இன்னும் ஆறவில்லை. ஆறக்கூடாது என்றுதான் நினைக்கிறேன்.

வாடை அதிகமானால் என்ன செய்வது என்று எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. எல்லா வீட்டிலும் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். கப் சாம்பிராணி ஒன்றை ஏற்றி வாசலிலோ ஜன்னல் திட்டிலோ வைப்பார்கள். இந்து வீடு, முஸ்லிம் வீடு, கிறிஸ்தவ வீடு என்று வித்தியாசம் இல்லை, கடைக்காரர் எங்கள் தெருவுக்கென்றே பெட்டி பெட்டியாக வாங்கி வைத்திருக்கிறார். முன்பு இதோடு முடிந்துபோகும். இப்போது தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் வந்துவிட்டது. வாடை வந்தால் அதில் போட வேண்டும். 'இன்று துர்நாற்றம் அதிகம். சம்பந்தப்பட்டவர்கள் கவனத்திற்கு.' கீழே கட்டைவிரல்கள், மூக்கைப் பொத்திய பொம்மைகள், அழுகிற பொம்மைகள். சம்பந்தப்பட்டவர்கள் யார் என்று இதுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் போட்டுவிட்டால் மனசுக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. நம் பங்கைச் செய்துவிட்டோம் என்று டீ போடப் போய்விடலாம்.

அன்றைக்கு மாதாந்திர ஷட்டவுன். காலையில் கரண்ட் நிறுத்தினால் மதியம் இரண்டு மணிக்குத்தான் வரும் என்று முந்தின நாளே செய்தி வந்திருந்தது. நான் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுக் கண்ணைக் காட்ட வேலூருக்குப் போயிருந்தேன். விடிந்ததும் கிளம்பியவள் திரும்பும்போது மதியம் தாண்டிவிட்டது. நல்ல வெயில். தெருமுனையில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியபோது வழக்கமான லேசான வாடைகூட இல்லை. நன்றாக நினைவிருக்கிறது, பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டுதான் நடந்தேன்.

என் வீட்டை ஒட்டின வீட்டில் ஒரு சின்னப் பெண் கைக்குழந்தையோடு வாடகைக்கு இருந்தாள். மேல்விஷாரத்துப் பெண். கணவனுக்குச் சென்னையில் ஒரு ஏற்றுமதி ஆபீசில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவான். வீட்டில் போனில் பேசும்போது உருது, என்னிடம் தமிழ். என்னை அக்கா என்பாள். உண்மையில் அவளுக்கு நான் அம்மா வயது. ரம்ஜான் மாதத்தில் சாயங்காலம் நோன்புக் கஞ்சி சுவர் தாண்டி என் வீட்டுக்கு வரும், பாத்திரம் சும்மா திரும்பக்கூடாது என்று நான் எதையாவது போட்டு அனுப்புவேன். எங்களுக்குள் இருந்த பழக்கம் அவ்வளவுதான். பெரிய உறவு என்று சொல்ல மாட்டேன்.

அவள் வீட்டுச் சுவருக்குத்தான் தெருவிலேயே நல்ல நிழல். எதிர் மாடி வீட்டின் நிழல் பகல் முழுக்க அந்தச் சுவர் மேல் விழும். ஃபேன் ஓடாததால் வீட்டுக்குள் இருக்க முடியாமல் ஏழெட்டுப் பேர் நாற்காலியும் ஸ்டூலுமாக அங்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் எங்கள் குரூப்பை நடத்துகிற சார். ஏதோ ஒரு அரசாங்க ஆபீசில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி. கையில் போனோடு இரண்டு இளவட்டங்கள். அவள் ஜன்னலுக்கு நேர் கீழே, சுவரை ஒட்டி, எதிர் வீட்டு அம்மா ஏற்றி வைத்த கப் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் போனதும் குபீரென்று அடித்தது.

"இன்னா சார் இது, எப்பருந்து இப்டி அடிக்குது?" என்றேன்.

"காலையிலருந்தேமா. கரண்ட் இல்லன்னதும் எவனோ தொட்டிய தொறந்து உட்டுட்டான். குரூப்ல போட்ருக்கேனே, பாக்கலியா? கலெக்டருக்கு ஒரு மனு எழுதிட்டிருக்கேன், நீயும் ஒரு கையெழுத்து போடு."

நான் ஒன்றும் பெரிய அறிவாளி இல்லை. ஆனால் கம்பெனி வாடை என்றால் அது ஊர் முழுக்க வரும். காற்றில் வரும். தெருமுனையில் இல்லாத வாடை இந்த ஒரு சுவரை மட்டும் தேடி வந்து உட்காருமா? குனிந்தால் இன்னும் அதிகம். ஜன்னல் அடி இடுக்கில் மூக்கை வைத்தால் கண் எரிந்தது.

"சார், இது கேஸு. சிலிண்டர் லீக் ஆவுது."

"கேஸா?" என்றார் சார். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்று எனக்குப் பட்டது. மனு பாதி எழுதியாகிவிட்டதே.

அதற்கு எதிர் வீட்டு அம்மா சொன்னார். "நானும் காலையில அப்டித்தான் நெனச்சேன். அப்புறம் இத்தினி பேர் இருக்காங்க, யாரும் ஒண்ணும் சொல்லலியே, கம்பெனியாத்தான் இருக்கும்னு உட்டுட்டேன்." அப்படி நினைத்துவிட்டு அந்த ஜன்னலுக்குக் கீழே நெருப்பை ஏற்றி வைத்திருக்கிறார். வாடை போக வேண்டும் என்பதற்காக.

கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைச் சாம்பிராணி மேல் கவிழ்த்தேன். "இன்னாமா, இப்பதான் ஏத்தினேன்," என்று அவருக்கு வருத்தம்.

"அந்தப் பொண்ணு எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. ஊருக்குப் போயிருக்கும் என்றார் ஒருவர். இல்லை, காலையில் பால் வாங்கியதைப் பார்த்தேன் என்றார் இன்னொருவர். ஒரு இளவட்டம், "போன் அடிச்சேன் ஆன்ட்டி, எடுக்கல," என்றது. எப்போது அடித்தாய் என்றால், பதினொரு மணி வாக்கில் என்றது. போனை எடுக்கவில்லை, சரி. அதற்கப்புறம்? அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. அவன் உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து கையை நீட்டினால் வராந்தாவின் கம்பி கேட். தட்டியிருக்கலாம். போன் எடுக்காத மனுஷியைக் கதவைத் தட்டியும் கூப்பிடலாம் என்பது அந்தத் தலைக்குள் வரவே இல்லை.

கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. அப்படியென்றால் ஆள் உள்ளேதான் இருக்கிறாள். கூப்பிட்டேன், கத்தினேன், கேட்டை ஆட்டினேன். பதில் இல்லை. அதற்குள் சார் எழுந்து வந்தார். ஏதோ செய்யப்போகிறார் என்று நான் விலகி வழி விட்டேன். அவர் நேராகப் போய்க் காலிங் பெல்லை அழுத்தினார்.

ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப அழுத்தினார்.

கரண்ட் இல்லாததால் அது அடிக்கவில்லை. கரண்ட் இருந்திருந்தால், பெல்லில் தெறிக்கிற ஒரு பொறியில் அந்த வீடு இல்லை, சுவரை ஒட்டின என் வீடு இல்லை, நிழலில் உட்கார்ந்திருந்த யாரும் இல்லை. "கையை எடுங்க சார்" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் முகம் சுருங்கிவிட்டது. மரியாதை இல்லாமல் பேசிவிட்டேனாம். அப்புறம் பலரிடம் சொல்லியிருக்கிறார்.

அப்போதுதான் எனக்கு அடுத்தது உறைத்தது. இரண்டு மணிக்குக் கரண்ட் வரும். அந்தப் பெண் வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது. கரண்ட் வந்ததும் அது தானாகக் கிளம்பும். கரண்ட் போகும்போது ஃபேன் ஓடிக்கொண்டிருந்திருந்தால் அதுவும் கிளம்பும். மணி இரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. சில நாள் முன்கூட்டியே விட்டுவிடுவார்கள். மீட்டர் பெட்டி வராந்தாவில், கேட்டுக்கு உள்பக்கச் சுவரில் இருந்தது. கம்பிக்கு நடுவே தோள் வரைக்கும் கையை நுழைத்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினேன்.

"அத நாம தொடக்கூடாதுமா," என்றார் சார். "ஈபி ஆளுங்கதான் தொடணும். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா யார் பதில் சொல்றது?"

யார் பதில் சொல்வது. இந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட்டால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் பேச்சே வராது. கம்பெனியிலும் இதே கதைதான். அட்டைப்பெட்டி மழையில் நனைந்துகொண்டிருக்கும், நகர்த்தி வைக்க மாட்டார்கள், அது லோடிங் செக்ஷன் வேலை. மாடிப்படியில் எண்ணெய் கொட்டியிருக்கும், தாண்டித் தாண்டிப் போவார்கள், துடைக்கிற ஆள் வருவான். அந்த ஆள் வருவதற்குள் ஒருத்தி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்வாள். அப்புறம் படியைத் துடைத்து, அங்கே ஒரு எச்சரிக்கைப் பலகையும் மாட்டிவிடுவோம். எங்கள் படிக்கட்டு முழுக்க பலகைதான்.

வீட்டு ஓனருக்குப் போன் போட்டேன். நிறைய நேரம் அடித்தபிறகு எடுத்தார். மூச்சு வாங்கினார். சோளிங்கரில் மலை ஏறிக்கொண்டிருக்கிறாராம்.

"கேஸ் லீக் ஆவுது, பொண்ணும் கொழந்தையும் உள்ள இருக்காங்க, கதவ ஒடைக்கணும்."

"ஐயோ ஒடைக்காதீங்கமா. அது தேக்கு. சாவி ஒண்ணு என்கிட்ட இருக்குது, சாமி பாத்துட்டு சாயங்காலம் வந்துட்றேன். அது வரிக்கும் யாரையும் எதும் பண்ண வேணாம்னு சொல்லுங்க."

சாயங்காலம் வந்துவிடுவாராம். நான் போனை வைத்துவிட்டு மற்றவர்களிடம் திரும்பினேன். "ஃபயர் சர்வீஸுக்கு சொல்லியாச்சா?"

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். "சொல்லியிருப்பாங்களே," என்றது ஒரு குரல். யார் சொல்லியிருப்பார்கள்? அங்கே இருந்தது அவ்வளவு பேர்தான். ஆளுக்கு ஒரு போன். அதில் காலையிலிருந்து எத்தனையோ மெசேஜ் போயிருக்கிறது, வந்திருக்கிறது. கேஸ் என்று நான் சொல்லி, சாம்பிராணியை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கி, ஓனரிடம் பேசி முடித்த பிறகும் ஒருத்தர்கூட அந்த ஒரு போனைப் போடவில்லை. ஒரு இளவட்டம் மட்டும் போனை உயர்த்திப் பிடித்திருந்தது. பேசுவதற்காக இல்லை, என்னைப் படம் எடுக்க.

ஃபயர் சர்வீஸுக்கும் நானே சொன்னேன். வண்டி வர நேரமாகும் என்பது தெரியும். முன்கதவு தேக்கு, என்னால் ஆகாது. ஆனால் பின்பக்கக் கதவு எனக்குத் தெரியும். தண்ணீர் பட்டுப் பட்டு அடிப்பலகை இற்றுப்போயிருந்தது, மாற்றித் தரச் சொல்லி அந்தப் பெண் ஓனரிடம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். என் வீட்டுப் பின்புறம் ஓடினேன். நடுவில் இடுப்பு உயரச் சுவர். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு நான் காலைத் தூக்க முடியாமல் திண்டாடும்போது, பின்னால் ஒரு ஸ்டூல் வந்து இறங்கியது. சாரின் மனைவி. அத்தனை பேரில் அவர் ஒருவர்தான் வந்தார். அவரும் ஏறி இறங்கினார்.

இரண்டு பேரும் சேர்ந்து உதைத்தோம். பலகை உள்ளே விழுந்தது. அந்த வழியாக வந்த காற்றில் எனக்கு வாந்தி வந்துவிட்டது. முந்தானையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு தவழ்ந்து உள்ளே போனேன். அவர் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு பின்னால் வந்தார். அடுப்பு மேடைக்குக் கீழே சிலிண்டர். உஸ்ஸென்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. ரெகுலேட்டரைத் திருகி மூடினேன். கைக்கு எட்டிய ஜன்னலை எல்லாம் தள்ளித் திறந்தேன்.

அவள் கூடத்தில், தெரு ஜன்னலுக்கு அடியில், பாயில் கிடந்தாள். மேலே புடவை ஏணையில் குழந்தை. குழந்தைக்கு மூச்சு இருந்தது, ஆனால் துணி மாதிரித் துவண்டு கிடந்தது. சாரின் மனைவி குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினார். நான் இவளைத் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. கண் பாதி திறந்துதான் இருந்தது. ஆணியில் தொங்கின சாவியை எடுத்து முன்கதவையும் கேட்டையும் திறந்து, "ஒருத்தராவது வந்து காலப் புடிங்க" என்று கத்தினேன். படம் எடுத்த பையன் வந்தான். ஒரு கையால் காலைப் பிடித்தான். இன்னொரு கையில் போன் அப்படியே இருந்தது. அடித்துவிடலாமா என்று நினைத்தேன். கை இரண்டும் அவள் அக்குளில் மாட்டியிருந்ததால் அவன் தப்பித்தான்.

தெருவில் அவளைக் கிடத்தி முகத்தில் தண்ணீர் அடிக்கும்போது கரண்ட் வந்தது. எல்லா வீட்டிலும் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கிற சத்தம், யாரோ அணைக்காமல் விட்ட டிவியில் பாட்டு. அந்த வீட்டில் மட்டும் ஒன்றும் ஓடவில்லை. ஃபியூஸ் கட்டை என் இடுப்பில் செருகியிருந்தது. நிழலில் இருந்தவர்கள் நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார்கள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குழந்தை மறுநாளே சிரித்துவிட்டது. உயரத்தில் ஏணையில் கிடந்ததால்தான் அதற்கு அதிகம் பாதிப்பில்லை, கேஸ் தரையோடுதான் தங்கும் என்றார்கள். தாய்க்குத் தெளியக் கொஞ்ச நாளானது. அன்று காலையில் புது சிலிண்டர் வந்திருக்கிறது. கொண்டுவந்தவர் லீக் பார்த்து மாட்டிக்கொடுக்க வேண்டும், ஆனால் வழக்கம்போல் கேட்டருகே உருட்டி வைத்துவிட்டு ஹார்ன் அடித்துப் போய்விட்டார். அவளே மாட்டியிருக்கிறாள். சிலிண்டர் வாயில் ரப்பர் வாஷர் இல்லை. அவளுக்கு அன்றைக்கு நல்ல சளி, மூக்கடைப்பு. வெளியிலே வாடை என்று குரூப்பில் வந்ததைப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு ஆகாது என்று இருந்த ஜன்னலையெல்லாம் இழுத்துச் சாத்தியிருக்கிறாள்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் குரூப்பில் வீடியோ வந்துவிட்டது. பின்னணியில் உருக்கமான இசை. நான் கத்துவது, அவளைத் தூக்கி வருவது, சார் நடுவில் நின்று கையை நீட்டி வழிகாட்டுவது. 'மதங்களைக் கடந்த மனிதநேயம். தாயையும் சேயையும் காப்பாற்றிய நம் தெரு மக்கள்.' கீழே வரிசையாகப் பூங்கொத்துப் பொம்மைகள். அது வெளியேயும் போய், எங்கள் கம்பெனியில் ஒருத்தி எனக்கே அனுப்பினாள்.

நான் அந்தக் குரூப்பில் அதுவரை எதுவும் எழுதினதில்லை. அன்று எழுதினேன். காலையிலிருந்து வாடை வந்தபோது ஒருத்தராவது ஏன் கதவைத் தட்டவில்லை என்று மட்டும் கேட்டேன். பதில்கள் மளமளவென்று வந்தன. நாங்கள் என்ன கேஸ் கம்பெனியிலா வேலை பார்க்கிறோம். வீட்டில் இருப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். தனியாக இருக்கிற முஸ்லிம் பெண், நாம் போய்க் கதவைத் தட்டினால் தப்பாக நினைக்க மாட்டார்களா. கேஸ் ஏஜென்சி மேல் வழக்குப் போட வேண்டும். கம்பெனிகள் ஒழுங்காக இருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. கடைசியாக சார், நல்லது நடந்திருக்கும் நேரத்தில் எதிர்மறைக் கருத்துகளைத் தவிர்க்கவும் என்று கைகூப்பின பொம்மையோடு போட்டார். நான் குரூப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன். ஓனர் எனக்குப் போன் செய்து, பின்கதவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். அவருக்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அவள் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. சாமான்களைக் கணவன் வந்து ஏற்றிக்கொண்டு போனான். மேல்விஷாரத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை நான் பார்க்கப் போனேன். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "ஒங்க தெருவே சேந்து எம் பொண்ண காப்பாத்திட்டீங்க. வீடியோ பாத்தேன்மா, அழுதுட்டேன். அல்லா ஒங்க எல்லாரையும் நல்லா வெக்கணும்." நான் தலையை ஆட்டினேன். டீ எடுத்துவர அவர் உள்ளே போனார்.

குழந்தை அவள் மடியில் தூங்கியது. அவள் அதன் கால் விரல்களைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

"அம்மாகிட்ட சொல்லலக்கா. எனக்கு எல்லாம் கேட்டுச்சி."

"இன்னா கேட்டுச்சி?"

"வெளிய பேசிட்டிருந்தது. தல சுத்துதுன்னு படுத்தேன், அப்புறம் எழுந்திருக்க முடியல. கை காலு வரல. கத்தலாம்னு பாக்குறேன், வாய் வரல. ஆனா காது கேக்குது. சார் பேசறாரு, இன்னிக்கி ரொம்ப ஜாஸ்தின்றாரு. யாரோ சிரிக்கறாங்க. எதிர் வீட்டம்மா சாம்பிராணி வெக்கறாங்க, அது கூட தெரிஞ்சிது. ஜன்னலுக்கு அந்தாண்டதான்க்கா இருந்தாங்க எல்லாரும். இத்தினி பேர் இருக்காங்களே, வாடை வருதுன்னு பேசறாங்களே, இதோ தட்டுவாங்க, இதோ தட்டுவாங்கன்னு படுத்திருந்தேன்." குழந்தையின் காலைத் துணியால் மூடினாள். "கொழந்த மேல அழுதுட்டே இருந்திச்சி. அப்புறம் அதுவும் நின்னுடுச்சி."

குழந்தை அழுதிருக்கிறது. அந்தச் சத்தம் வெளியே கேட்டிருக்கும். அதைப் பற்றி ஒருத்தர்கூட என்னிடம் சொல்லவில்லை.

அவள் அம்மா டீயோடு ஒரு பெரிய பையையும் கொண்டுவந்து வைத்தார். ஆற்காட்டு மக்கன் பேடா இனிப்பு, சின்னச் சின்னப் பெட்டிகளாக. தெருவில் வீட்டுக்கு ஒன்று என்று எண்ணி வாங்கி வைத்திருக்கிறார். "எல்லாருக்கும் எங்க சலாம் சொல்லி குடுத்துடுங்கமா." நான் அவளைப் பார்த்தேன். அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையை வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஆம்பூர் வரைக்கும் வந்தேன். வழியில் இறங்கிப் பாலாற்றில் கொட்டிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் அது அந்த அம்மாவின் நன்றி. அதைக் கொட்ட எனக்கு உரிமை இல்லை. வீட்டுக்குப் போகாமல் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். கதவைத் தட்டினேன். திறந்தவர் கையில் பெட்டியை வைத்தேன். "மேல்விஷாரத்துலருந்து குடுத்தனுப்பினாங்க. நீங்க ஜன்னலாண்ட ஒக்காந்து பேசினது அந்தப் பொண்ணுக்குக் கேட்டுச்சாம். கொழந்த அழுதது உங்களுக்குக் கேட்டுச்சா?" என்று கேட்டேன். எல்லா வீட்டிலும் இதே வார்த்தைகள்தான்.

படம் எடுத்த பையன் வாங்க மாட்டேன் என்று உள்ளே போய்விட்டான். எதிர் வீட்டு அம்மா பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார், டிவி சத்தம்னு நெனச்சேன்மா என்றார். கரண்ட் இல்லாத நாளில் டிவி ஏது என்று நான் கேட்கவில்லை, அவருக்கே அது அப்போதுதான் உறைத்தது. சாரின் வீட்டில் அவர் மனைவி கதவைத் திறந்தார். நான் சொன்னதைக் கேட்டு, வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சார் உள்ளேயிருந்து வந்து பெட்டியை வாங்கினார். திருப்பி, மேலே ஒட்டியிருந்த கடை விலாசத்தைப் படித்தார். மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் ஒருத்தனா பேசினேன்?" என்றார்.